மணப்பெண்ணின் காலை: மதீனாவிலிருந்து மேல்மலையனூர் வரை



சென்ற ஆண்டு மேல்மலையனூர் வட்டத்தில் ஒரு சிற்றூரில் என் மாணவி ஒருத்தியின் நிகாஹ் நடைபெற்றது. மதரஸாவில் என்னிடம் நான்காண்டுகள் ஓதியவள். முதல் நாள் மாலையே வந்துவிட வேண்டுமென்று அவளுடைய தாயார் வற்புறுத்தியதால் இரவு அங்கேயே தங்கினேன். அதிகாலை 4 மணிக்குத் திண்டிவனத்திலிருந்து அலங்காரம் செய்யும் பெண்மணி பெரிய பெட்டியுடன் வந்து இறங்கினார். முன் கூடத்தில் புகைப்படக்காரர் விளக்குகளை நிறுத்திக் கொண்டிருந்தார். ஃபஜ்ர் பாங்கு ஒலித்தபோது மணப்பெண்ணின் முகம் பாதி முடிந்திருந்தது. அவள் இன்னும் தொழுதிருக்கவில்லை.

"உஸ்தாபி, இப்போ வுளூ செஞ்சா இதெல்லாம் கலைஞ்சிடுமே?" என்று என் காதோடு கேட்டாள். "இன்னிக்கு ஒரு நாள் களாவா தொழுதுக்கோம்மா, மாப்பிள்ளை வீட்டார் வந்துடுவாங்க" என்றார் தாயார். பெண்ணின் கண்கள் நிறைந்தன. அலங்காரப் பெண்மணி பஞ்சால் கண்ணோரத்தை ஒற்றி எடுத்தார். அறையிலிருந்த பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

அன்று முழுவதும் ஒரு கேள்வி என் மனத்தில் நின்றது. மணப்பெண்ணை அலங்கரிப்பது நம் மார்க்கம் வரவேற்ற காரியம். அவளுடைய காலை அழகாகவும் அமைதியாகவும் அமைய வேண்டும் என்று விரும்பாத தாய் இல்லை. அப்படியிருக்க, அந்தக் காலை எவ்வாறு இத்தனை பரபரப்புக்கு உரியதாயிற்று? விடை தேடி வரலாற்றின் பக்கங்களைப் புரட்டினேன். கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஊரெல்லாம் உடுத்திய ஓர் ஆடை

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 256, கி.பி. 870) தமது ஹதீஸ் தொகுப்பில், அன்பளிப்புகளைப் பற்றிய பகுதியில், மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குவது குறித்துத் தனியே ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள். அதன்கீழ் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பற்றிய ஒரு செய்தி வருகிறது.

நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின், அய்மன் என்னும் தாபிஈ அன்னையாரைக் காணச் செல்கிறார். அப்போது அன்னையார் முரட்டுப் பருத்தித் துணியாலான ஓர் அங்கி அணிந்திருக்கிறார்கள். அதன் விலை 5 திர்ஹம். ஒரு திர்ஹம் ஏறத்தாழ 3 கிராம் வெள்ளி. ஆக, ஆடையின் மதிப்பு 15 கிராம் வெள்ளி. அங்கே நின்ற பணிப்பெண்ணைச் சுட்டிக்காட்டி, இதை வீட்டுக்குள் உடுத்துவதற்குக்கூட இவள் விரும்புவதில்லை என்று அன்னையார் கூறுகிறார்கள். அத்தோடு ஒரு நினைவையும் சொல்கிறார்கள். நபியவர்கள் காலத்தில் தம்மிடம் இதே வகைத் துணியில் ஓர் ஆடை இருந்ததாகவும், மதீனாவில் எந்தப் பெண்ணை மணத்துக்கு அலங்கரித்தாலும் ஆளனுப்பி அந்த ஆடையை இரவல் பெற்றுச் சென்றதாகவும் கூறுகிறார்கள்.

இச்செய்தியில் இரண்டு வரலாறுகள் அடங்கியுள்ளன. முதலாவது, மதீனாவின் மணப்பெண்கள் பலர் ஒரே ஆடையை மாறி மாறி உடுத்தினர். இன்னார் உடுத்தியதை நான் உடுத்துவதா என்று எவரும் கூசவில்லை. நபியின் துணைவியாருடைய வீட்டிலிருந்து வந்த ஆடை என்பதில் பெருமை இருந்திருக்கலாம். அடுத்த வாரம் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டிய ஆடை என்பதும் எல்லோரும் அறிந்ததே.

இரண்டாவது வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு காலத்தில் ஊரின் மணக்கோலமாக இருந்த துணி, ஒரு தலைமுறை கழிவதற்குள் பணிப்பெண்ணும் ஒதுக்கும் துணியாகிவிட்டது. இடையில் வெற்றிகள் வந்தன, செல்வம் வந்தது. கண்ணின் அளவுகோல் மாறியது. அன்னையார் பணிப்பெண்ணைக் கடிந்துகொண்டதாகச் செய்தியில் இல்லை. மாற்றத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு, தாம் மட்டும் அதே துணியை உடுத்தியிருந்தார்கள்.

தந்தையை இழந்த மணப்பெண்

மணவிழாவின் காலை என்றால் என் நினைவுக்கு முதலில் வருபவர் ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள். அவருடைய தந்தை முஅவ்வித் (ரலி), ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு (கி.பி. 624) பத்ருப் போரில் ஷஹீதானவர், அஃப்ராவின் மக்கள் என்று வரலாறு போற்றும் சகோதரர்களுள் ஒருவர். மகளின் மணநாளில் தந்தை இல்லை.

அவர் கணவர் இல்லம் புகுந்ததற்கு மறுநாள் காலையில் நபி (ஸல்) அவர்கள் அவருடைய வீட்டுக்கு வந்து அவரது விரிப்பின்மீது அமர்ந்தார்கள். பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியைக் காலித் பின் தக்வானிடம் விவரித்தபோது, நீங்கள் இப்போது எனக்கு எதிரே அமர்ந்திருப்பதைப் போல அமர்ந்தார்கள் என்று ருபய்யிஉ இடத்தைச் சுட்டிக் காட்டினார்கள். அத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் காலை அவர் கண்முன் நின்றிருக்கிறது.

அங்கே சிறுமிகள் தஃப் அடித்து, பத்ரில் உயிர் நீத்த தங்கள் முன்னோரைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தனர். நாளை நடப்பதை அறியும் நபி எம்மிடையே இருக்கிறார் என்ற பொருளில் ஒரு சிறுமி பாடியபோது நபியவர்கள் இடைமறித்தார்கள். அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடும்படி கூறினார்கள். மறைவான அறிவு அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது என்னும் கொள்கை மணவீட்டின் பாட்டிலும் தளரவில்லை. அதே நேரத்தில் பாட்டு நிறுத்தப்படவும் இல்லை.

இறந்த தந்தையின் நினைவைப் பாடும் பாட்டு, ஊரின் தலைவர் நேரில் வந்து அமர்ந்த ஆறுதல் ஆகிய இரண்டும் அந்தக் காலையில் இருந்தன. ருபய்யிஉ என்ன உடுத்தியிருந்தார் என்பதை அந்த அறிவிப்பு சொல்லவில்லை.

தந்தையில்லாப் பிள்ளைகளின் நிகாஹ் நம் ஊர்களிலும் நடக்கிறது. அன்று காலை அந்தப் பெண்ணின் அருகே போய் அமர்பவர் யார் என்று ஜமாஅத் பெரியவர்களும் உறவினரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அலங்கரித்த கைகள்

அன்றைய அரபுச் சமூகத்தில் மணப்பெண்ணை ஆயத்தம் செய்வது அறிந்த பெண்களின் கூட்டுப் பணி. ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை ஆயத்தம் செய்தவர் உம்மு ஸுலைம் (ரலி). மறுநாள் காலையில் தோல் விரிப்பு ஒன்று விரிக்கப்பட்டது. பயணிகள் தத்தம் மூட்டையில் இருந்ததைக் கொண்டுவந்தனர். ஒருவர் பேரீச்சம்பழம், இன்னொருவர் நெய், மற்றொருவர் மாவு. எல்லாம் சேர்த்துப் பிசைந்த ஹைஸ் என்னும் உணவே அன்றைய வலீமா.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை அலங்கரித்தவர்களுள் அஸ்மா பின்த் யஸீத் (ரலி) ஒருவர். அவர் கூறும் செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் ஒரு கிண்ணம் பாலைக் கொண்டுவரச் செய்து, தாம் அருந்தியபின் மணப்பெண்ணிடம் நீட்டினார்கள். அவர் நாணித் தலை குனிந்தார். நபியின் கையிலிருந்து வாங்கிக்கொள் என்று அஸ்மா அதட்டிச் சொல்ல, வாங்கிச் சிறிது அருந்தினார். பின்னர் கிண்ணம் தோழியரிடம் சென்றது. எங்களுக்கு வேண்டாம் என்றனர் தோழியர். பசியையும் பொய்யையும் ஒன்று சேர்க்க வேண்டாம் என்று நபியவர்கள் அன்போடு திருத்தினார்கள்.

மணப்பெண்ணும் தோழியரும் பசியோடிருப்பதை அந்த அவையில் கவனித்தவர் நபியவர்கள். இன்றோ உதட்டுச் சாயம் கலைந்துவிடும் என்று காலை உணவைத் தவிர்த்து, நண்பகலில் மயங்கிச் சாயும் மணப்பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் திருமணத்தை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். அலீ (ரலி) அவர்கள் மஹராக அளித்தது ஒரு போர்க்கவசம். நபியவர்கள் மகளுக்குத் தந்தனவாகச் சொல்லப்படுபவை ஒரு மென்துணிப் போர்வை, ஒரு தோல் தண்ணீர்ப்பை, இத்கிர் புல் அடைத்த ஒரு தோல் தலையணை. இப்னு மாஜா தொகுப்பில் மேலும் ஒரு சித்திரம் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் கலை வல்லார் கூறுவர். எனினும் அக்கால வாழ்க்கையை அது காட்டுகிறது. பெண்கள் அலீயின் வீட்டுக்கு முன்னதாகவே சென்று தரையில் மென்மணல் பரப்பினர். நாரைத் தம் கைகளாலேயே பிரித்துத் தலையணைகளில் திணித்தனர். ஆடையும் தண்ணீர்ப்பையும் தொங்கவிட ஒரு கோலை நட்டனர். பேரீச்சம்பழமும் உலர்திராட்சையும் இனிய நீரும் பரிமாறினர். அதைவிட அழகிய திருமணத்தைத் தாங்கள் கண்டதில்லை என்று அப்பெண்கள் கூறியதாகச் செய்தி முடிகிறது. அவர்கள் அழகென்று கருதியதில் பாதி அவர்களுடைய கைகளாலேயே ஆனது.

அலங்காரத்தின் எல்லை

எளிமை என்பதற்கு அலங்காரமே கூடாது என்பது பொருளாகாது. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் ஓர் அன்ஸாரிப் பெண்ணை மணந்தபோது அவர்மீது மஞ்சள் நிறச் சுவடு இருந்ததை நபியவர்கள் கண்டு வினவினார்கள். மணப்பெண்ணின் குங்குமப்பூ நறுமணப் பூச்சிலிருந்து அது ஒட்டியிருக்கும் என்று விளக்கவுரையாளர்கள் எழுதுகின்றனர். மணம் முடித்த செய்தியையும் மஹரின் அளவையும் கேட்டறிந்தபின், ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா அளிக்கும்படி கூறினார்கள். அந்த மஞ்சளை நபியவர்கள் கண்டிக்கவில்லை. நலங்கும் மருதாணியும் கண்டு வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி அந்நியமானதன்று.

எல்லை எங்கே வகுக்கப்பட்டது என்பதையும் ஒரு மணப்பெண்ணின் வரலாறே காட்டுகிறது. ஓர் அன்ஸாரிப் பெண்ணுக்கு மணம் நிச்சயமான நிலையில் நோயுற்று அவளுடைய தலைமுடி கொட்டிவிட்டது. வேறு முடியை இணைக்கலாமா என்று குடும்பத்தார் கேட்டனர். நபியவர்கள் அனுமதிக்கவில்லை, ஒட்டுமுடி வைப்பதை வன்மையாகக் கண்டித்தார்கள். இந்த ஹதீஸைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்தப் பெண்ணை நினைத்து என் மனம் கனக்கும். நோயால் முடி இழந்தவளுக்கே இல்லை என்றால், நிழற்படத்தில் கொண்டை பெரிதாகத் தெரிவதற்காக ஒட்டுமுடி வைப்பதை என்னவென்பது? பட்டு, மருதாணி, பூ, நகை, நறுமணம், கண்மை என்று ஆகுமானவை பரந்து கிடக்கின்றன. படைப்பை மாற்றுவதும், இல்லாததை இருப்பதாகக் காட்டுவதுமே தடுக்கப்பட்டன.

தமிழ் மண்ணின் மணக்கோலம்

இஸ்லாம் தமிழகக் கடற்கரையில் வேரூன்றியபோது மணக்கோலமும் இம்மண்ணின் நிறத்தைப் பெற்றது. உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களைக் கொண்டது. அதில் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் திருமணமும் அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் திருமணமும் விரிவாகப் பாடப்பட்டுள்ளன. அரபு நாட்டைத் தமிழ் நாட்டின் நிலமும் நீருமாகக் கண்ட புலவர், மணக்கோலத்தையும் தமிழ் மரபின் அணிகளோடு பாடினார். கீழக்கரை வள்ளல் சீதக்காதியும் அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் அவரை ஆதரித்தனர் என்பது நாமறிந்தது.

நம் பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்களும் உருது பேசும் குடும்பங்களும் கலந்து வாழ்கின்றன. தமிழ் வீடுகளில் கருகமணி, உருது வீடுகளில் லச்சா; பெயர் வேறாயினும் இரண்டும் கருமணிச் சரமே. இவை வழக்கம் சார்ந்தவை. நிகாஹ்வின் நிபந்தனைகளில் சேர்ந்தவை அல்ல.

என் பாட்டியார் காலத்தில் ஒரு தெருவுக்கு ஒரு நல்ல பட்டுப்புடவை இருந்தால் அந்தத் தெருவின் பெண்கள் பலரும் அதை உடுத்தி மணமேடை ஏறினர். நகையும் அவ்வாறே. மாலையில் வாங்கிய அட்டிகையை மறுநாள் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துத் திருப்பித் தருவார்கள். என் தாயார் காலத்தில் ஆரணிக்குச் சென்று சொந்தமாகப் பட்டெடுப்பது வழக்கமாயிற்று. இன்று நிகாஹ்வுக்கு ஒன்று, வலீமாவுக்கு ஒன்று, படமெடுப்பதற்கென்றே ஒன்று. அதே நேரத்தில் மணப்பெண் நகைத் தொகுதியை நாள் வாடகைக்கு எடுப்பதும் பெருகியுள்ளது. முன்பு அண்டை வீட்டார் அன்பாகத் தந்த இரவலுக்கு இப்போது கட்டணம் செலுத்துகிறோம். அன்னை ஆயிஷாவின் ஆடையைப் பற்றி அறிந்தவர்கள், இரவல் கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை.

செஞ்சி சொல்லும் ஒரு மணநாள்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் மணநாள் என்றதும் பெரியோர் சொல்லும் பழங்கதை ஒன்று உண்டு. மேல்மலையனூருக்குத் தென்கிழக்கே உள்ள செஞ்சிக் கோட்டையை 1698-இல் மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் கைப்பற்றினார். பின்னர் அக்கோட்டையின் பொறுப்பிலிருந்த சொரூப்சிங்கின் மகன் தேசிங்கு, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானை எதிர்த்து 1714 அக்டோபரில் போரிட்டு மாண்டான். கோட்டையடிவாரத்தில் நிற்கும் சாதத்துல்லாகான் பள்ளிவாசல் 1717-18-இல் எழுந்தது.

தேசிங்கின் உயிர்த்தோழர் மகபத்கான் ஒரு முஸ்லிம் வீரர். போர்ச்செய்தி வந்தபோது அவர் தம் திருமண ஏற்பாட்டில் இருந்தார் என்றும், மணத்தை விட்டுவிட்டு நண்பனுக்காகப் போர்க்களம் சென்று உயிர் நீத்தார் என்றும் நாட்டுப்புறக் கதைப்பாடல் கூறுகிறது. தேசிங்கின் குதிரை பாராசாரி, மகபத்கானின் குதிரை நீலவேணி என்று குதிரைகளின் பெயர்களும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டன. நட்பின் பெருமைக்காக இக்கதையைச் சொல்கிறோம், சொல்லத் தக்கதே. ஆனால் மருதாணிக் கையோடு காத்திருந்த மணப்பெண்ணைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு பெண்ணாக இக்கதையைக் கேட்கும்தோறும் என் மனம் போர்க்களத்தை விட்டு அந்த அறைக்கே செல்கிறது.

மணநாள் மனிதர் திட்டமிட்டபடி நடந்தே தீரும் என்பதற்கு உறுதியில்லை. மழை வரலாம், மரணச் செய்தி வரலாம், வாகனம் பழுதாகலாம். அமாவாசை நாளில் அங்காளம்மன் கோயிலுக்கு வரும் பெருங்கூட்டத்தால் மேல்மலையனூர்ச் சாலையில் வண்டிகள் நகர்வது கடினம். ஆதலால் இங்குள்ள நம் குடும்பங்கள் நாட்காட்டியைப் பார்த்து அந்த நாளைத் தவிர்ப்பதுண்டு. சகுனத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. சாலையைப் பற்றிய கவலை உண்டு! திட்டமிடுவது நம் கடமை. அதன்பின் நடப்பதை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல். மணக்காலையின் அமைதிக்கு இவ்விரண்டும் தேவை.

மணவறைக்குள் வந்த கேமரா

1839-இல் பாரிஸ் நகரில் தாகெர் என்பவரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. முஸ்லிம் உலகம் இக்கலையை விரைவிலேயே சந்தித்தது. எகிப்திய இராணுவப் பொறியாளர் முஹம்மது ஸாதிக் பே 1861-இல் மதீனாவையும் 1880-இல் மக்காவையும் படமெடுத்தார். ஒளிப்படம் மார்க்கம் தடுத்த உருவப்படமா, கண்ணாடியில் விழும் நிழல் போன்றதா என்ற விவாதம் உலமாக்களிடையே எழுந்தது. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ ஆகுமென்று நூல் எழுதினார். தேவ்பந்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீ கூடாதென்று நூல் எழுதினார். இன்றும் ஆலிம்களிடையே இரு கருத்துகள் உள்ளன. ஒவ்வொருவரும் தாம் நம்பும் ஆலிமின் வழியில் நடக்கட்டும். இவ்விவாதத்தில் தீர்ப்புரைப்பது என் நோக்கமன்று.

ஆனால் பெண்ணின் மறைவைப் பேணுவதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். என் தாயாரின் நிகாஹ் நாளில் எடுத்த படம் ஒன்றே ஒன்று. அதில் இருப்பவர்கள் மாப்பிள்ளையும் ஆண்களுமே. பின்னர் தடித்த அட்டை ஆல்பம் வந்தது. அதை வீட்டுப் பெண்கள் மடியில் வைத்துப் புரட்டுவர்; பின் பீரோவுக்குள் பூட்டுவர். இன்று படம் எடுத்த சில நிமிடங்களில் நாம் காணாத கைகளுக்கெல்லாம் சென்றுவிடுகிறது. மணப்பெண்ணின் அறைக்கு வரும் உறவுப் பெண்களின் கைபேசிகளே இதற்குப் பெரும்பாலும் காரணம். அவர்கள் அன்பினால் செய்கிறார்கள். ஆனால் ஹிஜாபின்றி அலங்கரித்த முகம் யார் யாரைச் சென்றடையும் என்பது அனுப்பியவருக்கும் தெரியாது.

எவரும் படமெடுக்காத கணம்

நிகாஹ்வின் காலையில் மிக முக்கியமான கணம் ஒன்று உண்டு. வலீயோ அவருடைய வகீலோ இரு சாட்சிகளுடன் பெண்ணின் அறை வாசலுக்கு வருகிறார். இன்னாருக்கு, இத்தனை மஹருக்கு உன்னை மணமுடித்துத் தருகிறோம், உனக்குச் சம்மதமா என்று கேட்கிறார். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற பெண்மணியைத் தந்தை அவர் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்து வைத்தபோது, அவர் நபியவர்களிடம் முறையிட்டார். நபியவர்கள் அம்மணத்தை ரத்து செய்தார்கள். அந்த உரிமையின் தொடர்ச்சிதான் இந்த வாசல் கேள்வி.

அன்று அந்த வீட்டில் வகீல் வந்தபோது ஒருத்தி புடவை மடிப்பைச் சரிசெய்தாள். ஒருத்தி நெற்றிச்சுட்டியை நிமிர்த்தினாள். "சீக்கிரம் சொல்லிடும்மா, வெளிச்சம் போகுது" என்றது ஒரு குரல். கேள்வியே பலர் காதில் விழவில்லை. பெண் தலையசைத்தாள், கையெழுத்திட்டாள். ஒரு வாழ்நாளின் ஒப்பந்தம் ஊசி குத்தும் நேரத்தில் முடிந்துவிட்டது. சகோதரிகளே, அந்த நேரத்தில் அறையில் ஐந்து நிமிடம் மௌனம் வேண்டும். பெண் மஹரின் தொகையைக் காதால் கேட்க வேண்டும். பதிவேட்டில் எழுதியதைக் கண்ணால் படிக்க வேண்டும். அதன்பின் தன் வாயால் பதில் சொல்ல அவளுக்கு நேரம் தர வேண்டும்.

அமைதியான காலைக்கு

தொடக்கத்தில் சொன்ன நிகழ்ச்சிக்கு வருகிறேன். அன்று ஃபஜ்ருக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் தாயாரை அமர்த்திவிட்டு, அலங்காரம் செய்த பெண்மணியிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் மாற்று மதச் சகோதரி. சிறிதும் முகம் சுளிக்கவில்லை. "நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அஞ்சரைக்கு வந்திருப்பேனேம்மா, நானும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்" என்றார். அறை முழுவதும் சிரித்தது, மணப்பெண்ணும் சிரித்தாள். முகம் கழுவி, வுளூ செய்து, தொழுதுவிட்டு வந்து அமர்ந்தாள். மறு அலங்காரம் முடிய அரைமணி கூடுதலாயிற்று. மாப்பிள்ளை வீட்டாரோ ஒருமணி தாமதமாகவே வந்தனர். அந்தப் பெண்மணியிடம் எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதே எல்லாத் துன்பத்துக்கும் மூலம்.

ஆகவே சில நடைமுறைகளைச் சொல்கிறேன். அலங்காரத்துக்கு நாள் குறிக்கும்போதே தொழுகை நேரங்களைச் சொல்லிவிடுங்கள். நிகாஹ் முற்பகல் 11 மணிக்கென்றால் ஃபஜ்ர் தொழுது, இட்லியோ கஞ்சியோ வயிறார உண்டபின் அலங்காரத்தைத் தொடங்குவதற்குப் போதிய நேரம் உண்டு. தொடங்குமுன் புதிதாக வுளூ செய்துகொள்ளுங்கள். அது முறியாதவரை அலங்காரத்தோடே ளுஹரையும் தொழலாம். முறிந்துவிட்டால் முகத்தைக் கழுவத் தயங்க வேண்டாம். அலங்காரம் திரும்ப வரும், தொழுகையின் நேரம் திரும்ப வராது.

கொண்டையைப் பற்றிய அச்சமும் தேவையில்லை. தலைக்கு மஸ்ஹு செய்வதில் ஹனஃபி மத்ஹபில் கால்பங்கும் ஷாஃபிஈ மத்ஹபில் சிறிதளவும் தடவினால் கடமை நிறைவேறிவிடும். மருதாணியின் நிறம் வுளூவைத் தடுக்காது. நகச்சாயம் நீர் படாமல் தடுப்பதால் அதைத் தவிர்த்து மருதாணி இட்டுக்கொள்வதே மேல். முதல் இரவே இட்டுவிட்டால் காலையில் கையும் ஓய்வாக இருக்கும்.

மணப்பெண்ணின் அறைக்கு ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். சிற்றன்னையோ மூத்த சகோதரியோ ஆகட்டும். யார் உள்ளே வரலாம், கைபேசி எங்கே இருக்கலாம் என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். நினைவுக்குப் படம் வேண்டுமென்று கருதும் குடும்பத்தார் பெண் படப்பிடிப்பாளரை அமர்த்தி, சம்மதம் கேட்கும் நேரம் கழிந்தபின் அரைமணி ஒதுக்குங்கள். படம் வீட்டோடு இருக்கட்டும். உறங்கி எழுந்த கண்ணும், உண்ட முகமும், தொழுத மனமும் உடைய பெண்ணின் படம் இயல்பாகவே நன்றாக வரும். அந்த அலங்காரப் பெண்மணியே இதை என்னிடம் ஒப்புக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்மார்களே, அன்று காலையில் ஐந்து நிமிடம் உங்கள் மகளின் அருகே வெறுமனே அமருங்கள். ருபய்யிஉ (ரலி) அவர்கள் முதுமையிலும் மறவாது சொன்னது, தம் அருகே வந்து அமர்ந்தவர்களைப் பற்றித்தான்.

வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களின் மணக்காலைகளை அமைதியும் பரக்கத்தும் நிறைந்தவையாக ஆக்குவானாக. தம்பதியரை நன்மையில் ஒன்று சேர்ப்பானாக. ஆமீன்.